சிலேட்டா, டி.வி.யா? - ஐபேட் வந்த அன்று உலகம் சொன்னது

முதல் கோணல் முற்றும் கோணல் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் சில பொருட்கள் விஷயத்தில் இந்தப் பழமொழி பலிப்பதே இல்லை. நல்ல உதாரணம், ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட்.

2010 ஜனவரி 27. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ஒரு சிலேட்டு அளவுள்ள கணினியைத் தூக்கிக் காட்டினார். அன்று இரவுக்குள் இணையம் முழுக்க ஒரே கிண்டல்! ஐபோனைப் பிடித்து நாலாபக்கமும் இழுத்துவிட்டால் ஐபேட் ஆகிவிடுமா, இதற்கா இத்தனை மாத ஆர்ப்பாட்டம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பெயரைக்கூட விட்டு வைக்கவில்லை. 'பேட்' என்றால் மாதவிடாய் நாட்களில் பெண்கள் பயன்படுத்தும் பேடும்தானே? அதை வைத்து ட்விட்டரில் ஓடிய ஜோக்குகளுக்குக் கணக்கே கிடையாது.

வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் அதன் சூடு போயிருக்கிறது. அறிவிப்பு முடிந்த 24 மணி நேரத்தில் ஜாப்ஸுக்கு ஏறக்குறைய 800 மின்னஞ்சல்கள் வந்தன, பெரும்பாலானவை புகார்கள், மனிதர் நொந்து போனார் என்று 2011-இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் எழுதியிருக்கிறார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஐபேட் விற்றது. விற்றது என்றால் சாதாரணமாக இல்லை, பிய்த்துக்கொண்டு போனது. ஆகவே அன்று சிரித்தவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. அன்று சொன்னவற்றில் பல சின்னப் புகார்கள், அவை காணாமல் போயின. ஒரே ஒரு பெரிய புகார் இருந்தது. அதைச் சொன்னவர்கள் சிலர்தான். அதற்கு இன்றுவரை பாதி பதில்தான் வந்திருக்கிறது. அந்தக் கதைதான் இது.

வரும் முன்னே...

அந்த ஏமாற்றம் ஏன் என்று புரிய, எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அறிவிப்பு வந்த வாரத்தில் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை ஜாப்ஸைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றும் ஒரு மகானாக வரைந்து, கையில் ஒரு பலகையைக் கொடுத்து அட்டைப்படமே போட்டுவிட்டது! விலை 1,000 டாலரைத் தொடும், பத்திரிகைத் தொழிலையே காப்பாற்றிவிடும் என்றெல்லாம் பேச்சு.

இன்னொரு பக்கம், சிலேட்டுக் கணினி என்பது ஏற்கெனவே பலர் கையைச் சுட்ட சமாச்சாரம். ஆப்பிளே 1993-இல் நியூட்டன் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. கையால் எழுதினால் படித்துக்கொள்ளும் என்றார்கள். அது தப்புத் தப்பாகப் படித்ததே பெரிய நகைச்சுவையாகிவிட்டது. 1998-இல் ஜாப்ஸே அதற்கு மூடுவிழா நடத்தினார். அடுத்து மைக்ரோசாஃப்ட். 2001-இல் பில் கேட்ஸ், ஐந்தே வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லட்டாகத்தான் இருக்கும் என்று ஆரூடம் சொன்னார். 2002-இல் டேப்லட் பி.சி.க்கள் கடைக்கு வந்தன. ஐந்து வருடம் கழிந்தது, ஆரூடம் பலிக்கவில்லை. கனமான மடிக்கணினிக்கு ஒரு பேனாவைச் சேர்த்துக் கொடுத்தால் அதிக விலை கொடுத்து யார் வாங்குவார்கள்?

இதில் வேடிக்கை, 2003-இல் ஒரு மேடைப் பேட்டியில் ஜாப்ஸும், டேப்லட் செய்யும் திட்டம் எதுவும் இல்லை, மக்களுக்கு விசைப்பலகைதான் பிடிக்கிறது என்று சொல்லியிருந்தார். மனிதர் ஒன்று சொல்லி வேறொன்று செய்வதில் கில்லாடி :)

மேடையில் காட்டியது

சரி, அன்று காட்டியது என்ன? 9.7 அங்குலத் தொடுதிரை. அரை அங்குலத் தடிமன். எடை சுமார் 680 கிராம். ஆப்பிள் வடிவமைத்த ஏ4 என்ற 1 கிகாஹெர்ட்ஸ் சில்லு. ஒருமுறை சார்ஜ் செய்தால் 10 மணி நேரம் ஓடும். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் உண்டா என்பதுதான் ஜாப்ஸ் எழுப்பிய கேள்வி. இணையம் பார்ப்பது, மின்னஞ்சல், படம், பாட்டு, வீடியோ, விளையாட்டு, புத்தகம் - இவற்றை அந்த இரண்டையும்விட நன்றாகச் செய்தால்தான் அதற்கு இடம் உண்டு என்றார். அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த மலிவு விலை நெட்புக் எதையுமே உருப்படியாகச் செய்வதில்லை என்று ஒரு குத்தும் விட்டார்.

விலை சொல்லும்போது ஒரு நாடகம். முதலில் திரையில் 999 என்று போட்டு, பிறகு அதை உடைத்து 499 ஆக்கினார்கள். அரங்கத்தில் கைதட்டல். அன்றைய கணக்கில் சுமார் 23,000 ரூபாய்.

ஆனால் அன்றைய நிகழ்ச்சியில் முக்கியமானது இது எதுவும் இல்லை. ஜாப்ஸ் உட்கார்ந்த விதம்! மேடையில் ஒரு சோபா நாற்காலியும் சின்ன மேஜையும் போட்டிருந்தார்கள். அவர் அதில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, மடியில் ஐபேடை வைத்துக்கொண்டு நியூயார்க் டைம்ஸ் படித்தார். கணினிக் கம்பெனித் தலைவர் ஒருவர் புதுக் கணினியை அறிமுகப்படுத்தும்போது மேஜை முன்னால் நிமிர்ந்து உட்காராமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்தது அதுவரை அபூர்வம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் அர்த்தத்தைப் பிடித்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் கவனித்தது, அந்தப் பக்கத்தின் நடுவே ஃபிளாஷ் வீடியோ வரவேண்டிய இடத்தில் வந்து நின்ற வெறும் கட்டத்தை.

இல்லை, இல்லை, இல்லை

அங்கிருந்துதான் பட்டியல் தொடங்கியது. அன்றைய விமரிசனங்களில் திரும்பத் திரும்ப வந்தவை இவை:

1. கேமரா இல்லை.
2. யூஎஸ்பி துளை இல்லை. மெமரி கார்டு செருக இடம் இல்லை. (வேண்டுமானால் தனியாக ஒரு இணைப்பான் வாங்கிக்கொள்ள வேண்டும்.)
3. ஃபிளாஷ் ஓடாது.
4. ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளை ஓட்ட முடியாது. பாட்டு கேட்டுக்கொண்டே மின்னஞ்சல் பார்க்கலாம், அதுவும் ஆப்பிளின் சொந்தப் பாட்டுப்பெட்டியாக இருந்தால்.
5. அகலத்திரை இல்லை. பழைய டி.வி. மாதிரி 4:3 சட்டம். சினிமா போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை.
6. உண்மையான விசைப்பலகை இல்லை.
7. ஆப்பிள் கடையைத் தாண்டி வேறெங்கிருந்தும் மென்பொருள் போட முடியாது.

ஏழும் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. பில் கேட்ஸும் தன் பங்குக்கு, படிக்க நல்ல கருவிதான், ஆனால் அடடா இதை நாம் செய்திருக்கலாமே என்று நினைக்க வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை என்ற பொருளில் பேசினார். குரல், பேனா, நிஜ விசைப்பலகை மூன்றும் சேர்ந்ததுதான் நிலைக்கும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டியல் என்ன ஆனது?

2010 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. முதல் நாளே 3 லட்சம். 28 நாளில் 10 லட்சம். முதல் ஐபோன் அதே இலக்கைத் தொட 74 நாள் எடுத்துக்கொண்டது. அந்த வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி!

இப்போது பட்டியலுக்குத் திரும்பலாம். கேமரா 2011 மார்ச்சில் அறிவித்த ஐபேட் 2-இல் வந்துவிட்டது. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும் வசதி 2010 நவம்பரிலேயே மென்பொருள் மாற்றமாக வந்தது. ஃபிளாஷ்? அதை ஐபேட் ஏற்கவே இல்லை. கடைசியில் போனது ஃபிளாஷ்தான். கைப்பேசிகளுக்கான ஃபிளாஷைக் கைவிடுவதாக அடோபி 2011 நவம்பரில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷே முடிந்தது. ஜாப்ஸ் கிண்டலடித்த நெட்புக்கும் அப்படித்தான். 2012 முடியும்போது பெரிய கம்பெனிகள் அதைக் கைகழுவிவிட்டன. அந்த 4:3 சட்டம், புத்தகமும் பாடநூலும் படிக்க எவ்வளவு தோது என்பது வாங்கிய பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முதல் ஐபேடின் நிஜமான குறை அந்தப் பட்டியலிலேயே இல்லை! அதன் உள்ளே இருந்த ரேம் வெறும் 256 எம்.பி. ஆப்பிள் அதை அறிவிப்பில் சொல்லவில்லை. விற்பனைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இணையதளம் நாலைந்தைத் திறந்தால் மூச்சு வாங்கும். 2012-இல் வந்த ஐஓஎஸ் 6 முதல் ஐபேடுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கி இரண்டரை வருடம்கூட ஆகாத கருவிக்குப் புது மென்பொருள் இல்லை. இந்தியாவில் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். இங்கே ஐபேட் வந்ததே 2011 ஜனவரி கடைசியில். ஐந்தே வாரத்தில் ஐபேட் 2 அறிவித்துவிட்டார்கள்!

ஆக, முதல் நாள் புகார்ப் பட்டியல் இருப்பதையும் இல்லாததையும் எண்ணியது. எண்ணக்கூடியதை மட்டும் எண்ணியது. எண்ண முடியாத, கையில் எடுத்து ஆறு மாதம் புழங்கினால் மட்டுமே தெரிகிற நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே தவறவிட்டது.

யார் கைக்குப் போனது?

பட்டியல் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். எல்லோரும் ஏற்கெனவே நல்ல மடிக்கணினி வைத்திருந்தவர்கள். கணினியை வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள். அவர்கள் தங்கள் மடிக்கணினியை மனதில் வைத்து, அதில் இருப்பது இதில் எது இல்லை என்று கழித்துப் பார்த்தார்கள். கழித்தால் மீதி குறைவாகத்தானே வரும்?

ஆனால் அந்தக் கருவி போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு. மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் கணினியைக் கண்டாலே பயந்த தாத்தா பாட்டிகள். எழுத்தே தெரியாத மூன்று வயதுக் குழந்தைகள். விமானிகள்! அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஒவ்வொரு பயணத்துக்கும் சுமந்துபோன வழிகாட்டி நூல்களும் வரைபடங்களும் ஏறக்குறைய 16 கிலோ. 2013-இல் அந்த மூட்டைக்குப் பதில் ஐபேட் வந்துவிட்டது.

இதைவிட மனதைத் தொடும் இடம் ஒன்று உண்டு. ஆட்டிசம் போன்ற காரணங்களால் பேச இயலாத குழந்தைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. விலை பல ஆயிரம் டாலர். பார்த்தாலே மருத்துவமனைச் சாமான் மாதிரி இருக்கும். அதே வேலையை 200 டாலருக்கும் குறைவான ஒரு செயலி ஐபேடில் செய்தது. மற்ற பிள்ளைகள் ஆசைப்படுகிற அதே பொருள் இந்தப் பிள்ளை கையிலும். 'தண்ணீர் வேண்டும்' என்று முதல்முறையாகத் தானே கேட்கிற குழந்தைக்கு யூஎஸ்பி துளை இல்லாதது ஒரு குறையா?

இந்த மாதிரி மனிதர்கள் முதல் நாள் விமரிசனம் எழுதுவதில்லை. அதுதான் முதல் நாள் விமரிசனத்தின் பெரிய ஓட்டை. எழுதுகிறவர்களுக்காகவே உலகத்தின் எல்லாப் பொருளும் செய்யப்படுவதாக ஒரு நினைப்பு.

ஆனால் ஏழாவது புகார்...

இதுவரை படித்தால் ஆப்பிளுக்குக் கொடி பிடிக்கிற மாதிரி இருக்கும். பொறுங்கள். பட்டியலில் ஏழாவதாக ஒன்று இருந்ததே, அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

அறிவிப்பு நடந்த அரங்கத்துக்கு வெளியே ஒரு சின்னக் கூட்டம் பலகை பிடித்து நின்றது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். சொந்தக் காசில் வாங்கிய கணினியில் எந்த மென்பொருளைப் போடுவது என்பதை விற்றவன் எப்படித் தீர்மானிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. அதே வாரம் அலெக்ஸ் பெய்ன் என்ற நிரலாளர், சின்ன வயதில் தனக்கு நிஜக் கணினிக்குப் பதில் இது கிடைத்திருந்தால், தான் நிரலாளராகவே ஆகியிருக்க மாட்டேன் என்று எழுதினார். விற்பனைக்கு முதல் நாள் எழுத்தாளர் கோரி டாக்டரோ, ஆப்பிளின் பழைய கணினி ஒன்று தன் மின்சுற்று வரைபடத்துடனேயே வந்ததை நினைவுபடுத்தி, இதை வாங்காதீர்கள் என்றே எழுதினார்.

அந்தப் பழைய கணினி 1977-இல் வந்த ஆப்பிள் 2 வரிசை. சுவிட்சைப் போட்டால் ஒரு கறுப்புத் திரை, ஒரு குறி, அவ்வளவுதான். ஏதாவது தட்டினால்தான் ஏதாவது நடக்கும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்படித்தான் நிரல் எழுதக் கற்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஐபேடைத் திறக்கத் திருகாணிகூடக் கிடையாது.

இது வெறும் பழைய ஆட்களின் புலம்பல் இல்லை என்பதற்குச் சாட்சி உடனே கிடைத்தது. எம்.ஐ.டி.யில் உருவான ஸ்க்ராட்ச் என்பது குழந்தைகள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழகும் மொழி. அதில் பிள்ளைகள் செய்த விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்க ஒரு செயலி ஆப்பிள் கடையில் இருந்தது. 2010 ஏப்ரலில், அதாவது ஐபேட் விற்பனைக்கு வந்த அதே மாதம், விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று அதைத் தூக்கிவிட்டார்கள். குழந்தைகள் செய்ததைக் குழந்தைகள் பார்க்க அனுமதி இல்லை!

இங்கேதான் சிலேட்டு என்ற சொல் உறுத்துகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளின் சிலேட்டு எப்படிப்பட்டது? அதில் ஒன்றுமே இருக்காது. பல்பத்தை எடுத்துப் பிள்ளைதான் எழுத வேண்டும். 'அ' கோணலாக வரும், எச்சில் தொட்டு அழித்து மறுபடி எழுதும். சிலேட்டின் பயனே அதுதான். 1972-இல் ஆலன் கே என்ற கணினி அறிஞர் டைனாபுக் என்று ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். சிறு பிள்ளைகள் கையில் எடுத்துப் போகக்கூடிய தட்டையான கணினி. பார்க்க ஐபேட் மாதிரிதான். ஆனால் அவர் கனவில் பிள்ளை அதில் படிப்பது பாதி வேலை. அதற்கு நிரல் எழுதி, அதைத் தன் இஷ்டப்படி மாற்றுவது மீதிப் பாதி. 2010-இல் வந்தது அந்த உருவம். அந்த மீதிப் பாதி வரவில்லை. எழுதுகிற சிலேட்டை எதிர்பார்த்தவர்களுக்குப் பார்க்கிற டி.வி. கிடைத்தது.

தமிழில் எழுத நினைத்தவருக்கும் இதே கதிதான். வந்தபோது அதில் தமிழ் விசைப்பலகை கிடையாது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கூடவே வந்தன. அந்த மூன்று வருடமும் மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டுமானால் அது உதவும், பதிலுக்கு எழுத நினைத்தால் சுற்றுவழிதான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்கள். 2014-இல் சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் ஐபேடுக்கே வந்தது. 2016-இல் ஆப்பிளே நிரல் கற்கும் செயலி ஒன்றைக் கொடுத்தது. 2021 டிசம்பரில் ஐபேடிலேயே செயலி செய்து கடைக்கு அனுப்ப வழி வந்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு கடைகளிலிருந்தும் செயலி போட வழி பிறந்தது. அதுவும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய பிறகு, அந்தச் சட்டம் செல்லும் எல்லைக்குள் மட்டும். பதினான்கு வருடப் போராட்டத்துக்குப் பாதி பதில்!

பில் கேட்ஸ் சொன்னது நினைவிருக்கிறதா? 2015-இல் ஆப்பிள் ஐபேட் புரோ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. கூடவே ஒரு பேனா. ஒரு விசைப்பலகை. 2020-இல் மௌஸ் போல நகர்த்தும் தொடுபலகையும் சேர்ந்தது. ஏன்? 2013-க்குப் பிறகு ஐபேட் விற்பனை ஏறாமல் இறங்க ஆரம்பித்துவிட்டது. சோபாவில் சாய்ந்து படிக்க ஒன்று வாங்கியவர், வருடா வருடம் புதிதாக வாங்குவாரா என்ன? வேலை செய்ய வேண்டுமானால் விசைப்பலகையும் பேனாவும் வேண்டும் என்று கேட்ஸ் சொன்னது ஐந்து வருடம் சீக்கிரம் சொன்ன உண்மை. 2010-இல் விற்காது என்று நினைத்ததில் தோற்றார். கடைசியில் எதைச் சேர்க்க வேண்டிவரும் என்பதில் ஜெயித்தார்.

கைதட்டலும் ஏமாற்றும்

முதல் நாள் கிண்டல் மட்டும்தான் ஏமாற்றும் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் கைதட்டலும் ஏமாற்றும். அதற்கு டெல்லிக்கு வரவேண்டும்.

2011 அக்டோபர் 5. மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் என்ற டேப்லட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவு. அரசு வாங்கிய விலை ஒன்றுக்குச் சுமார் 2,276 ரூபாய். ஐபேட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு கணினி என்றால் யாருக்குத்தான் மனம் நிறையாது? (விதியின் விளையாட்டு, ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்ததும் அதே தேதியில்தான்.)

கையில் எடுத்தவர்கள் சொன்ன கதை வேறு. 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு நகரவே யோசித்தது. திரை, தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். பாட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். ஆகாஷில் யூஎஸ்பி துளை இருந்தது. மெமரி கார்டு போட இடம் இருந்தது. அதாவது, ஐபேடில் இல்லை இல்லை என்று எண்ணியவை பல அதில் இருந்தன! பட்டியல்படி பார்த்தால் அதுதான் ஜெயித்திருக்க வேண்டும். 2012 நவம்பரில் இரண்டாவது வடிவம் வெளிவந்தது, அது முன்னதைவிட நன்றாக இருந்தது. ஆனாலும் திட்டம் மெல்ல மெல்ல மங்கிப்போனது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. டேப்லட் இல்லை, மடிக்கணினி. அதைப் பற்றி எந்த உலகப் பத்திரிகையும் அட்டைப்படம் போடவில்லை. புதுமையான பொருள் இல்லையே! அதில் சினிமா மட்டும் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் எழுத, கணக்குப் போட, நிரல் கற்க நினைத்த பிள்ளைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கனமான, அழகில்லாத அந்தப் பெட்டி, அந்த அர்த்தத்தில் நிஜமான சிலேட்டு.

அடுத்த அறிவிப்பு வரும்போது

புதுக் கருவிகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றும் வரும் அன்று ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் இல்லைப் பட்டியல். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இதுவரை கணினி பக்கமே வராத யாருக்கு இது கதவைத் திறக்கிறது? ஐபேட் இந்தக் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்கியது. முதல் நாள் சிரித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டு: வாங்கியவர் இதில் பார்க்க மட்டும்தான் முடியுமா, தானாக ஒன்றைச் செய்யவும் முடியுமா? யாரிடமும் அனுமதி கேட்காமல்? இந்தக் கேள்வியில் ஐபேட் தடுமாறியது. பின்னால் கைதட்டியவர்கள் இந்தக் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

இது ஏதோ அமெரிக்க விவகாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாடு அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஒரு மாணவரிடம் எது வேண்டும் என்று கேட்டால், பளபளப்பையும் எடையையும் பார்த்துக் கை தானாக டேப்லட் பக்கம் போகும். தப்பில்லை. படிப்பதற்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கை நீட்டும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். நான்கு வருடப் படிப்பில் மற்றவர் செய்ததைப் பார்க்கப் போகிறோமா, தானே ஏதாவது செய்யப் போகிறோமா?

சிலேட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. பல்பமும் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும்.